மன்னர்களுக்கு வைத்தியம் பார்த்தவர்கள்

பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வலிக்கு விசேட வைத்தியரைப் பார்க்க அவருக்கு ஏழு மாதம் கழித்துத்தான் நாள் கொடுத்திருந்தார்கள். "டொக்டர் தம்பி, ராசாவுக்கு ஒரு தும்மல் வந்தால் பத்து டொக்டர்மார் ஓடி வருவினம். எங்களுக்கு டெலிபோனில பாட்டுக் கேட்டுக்கொண்டு நிக்கிறதுதான் வைத்தியம்" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காத்திருப்போர் பட்டியலைப் பற்றி அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் பத்து வைத்தியர்கள் ஓடி வருவது நோயாளிக்கு நல்லது என்று அவர் நினைத்தாரே, அதுதான் சரியா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆகவே இந்த இதழில் சீனி வருத்தத்தையும் பிறஷரையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்த நாட்டு அரச குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்தவர்களின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். இது சுகாதாரப் பக்கத்துக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து பாதி தூரமாவது என்னுடன் வாருங்கள்.

இரண்டாம் சார்ல்ஸ் மன்னரிலிருந்து தொடங்குகிறேன். 1685ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி காலை, சவரம் செய்யும் நேரத்தில் மன்னருக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. எட்மண்ட் கிங் என்ற வைத்தியர் தற்செயலாக அங்கே நின்றார். அவர் உடனே மன்னரின் கை நாளத்தைக் கீறி 16 அவுன்ஸ் இரத்தத்தை வெளியேற்றினார். இன்று இரத்ததான முகாமில் ஒருவரிடம் எடுக்கும் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். அரச சபையின் அனுமதி இல்லாமல் மன்னரின் உடலில் கத்தி வைப்பது பெரிய குற்றமாகக் கருதப்படக்கூடிய காலம் அது. சபை பின்னர் அவர் செய்தது சரியே என்று ஏற்றுக்கொண்டு 1000 பவுண் வெகுமதி அறிவித்தது. அந்தப் பணம் அவருக்குக் கடைசிவரை கொடுபடவில்லை என்பது வேறு கதை.

அதன்பின் ஒரு டசினுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் கூடினார்கள். தோளில் குவளை வைத்து மேலும் இரத்தம் உறிஞ்சினார்கள். வாந்திக்கு ஒரு மருந்து, பேதிக்கு ஒரு மருந்து, எனிமா, மூக்கில் தும்மல் பொடி. தலையை மழித்துக் கொப்புளம் எழுப்பும் ஒருவகை வண்டின் தூளைப் பூசினார்கள். பாதத்தில் கீலும் புறா எச்சமும் சேர்த்துப் பற்றுப் போட்டார்கள். ஒரு கட்டத்தில் மனித மண்டையோட்டிலிருந்து வடித்த சாற்றைக்கூடச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டார்கள். நாலு நாள் இப்படி நடந்தது. 6ஆம் திகதி மன்னர் இறந்தார். வயது 54. அங்கிருந்த வைத்தியர்களில் ஒருவரான சேர் சார்ல்ஸ் ஸ்கார்பரோ நடந்ததை எழுதி வைத்தபடியால்தான் இவை நமக்குத் தெரிகின்றன. அவர் வெட்கப்பட்டு எழுதவில்லை. நாங்கள் எதையும் விட்டுவைக்கவில்லை என்று காட்டவே எழுதினார்.

மன்னருக்குச் சிறுநீரகங்கள் பழுதடைந்திருக்க வேண்டும் என்று இன்று பலர் கருதுகிறார்கள். பாரிசவாதம் என்பவர்களும் உண்டு. அதே காலையில் அதே வலிப்பு தேம்ஸ் கரையில் மூட்டை சுமக்கும் ஒருவனுக்கு வந்திருந்தால், பெண்சாதி ஒரு கம்பளியால் போர்த்தி, தண்ணீர் பருக்கி, பக்கத்தில் இருந்திருப்பாள். அவன் பிழைத்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. இவ்வளவு வேதனைப்பட்டிருக்க மாட்டான்.

இதிலே கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இதயம் ஒரு பம்பு மாதிரி வேலை செய்கிறது, இரத்தம் உடலைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று நிறுவிய வில்லியம் ஹார்வி, இதே மன்னரின் தகப்பனாரான முதலாம் சார்ல்ஸின் வைத்தியர். 1628இல் வெளிவந்த தனது நூலை அவர் அந்த மன்னருக்கே காணிக்கையாக்கினார். மன்னரும் தமது வேட்டைக் காடுகளின் மான்களை அவருடைய ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். 1642இல் எட்ஜ்ஹில் என்ற இடத்தில் போர் நடந்தபோது இரண்டு இளவரசர்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஹார்வியிடம் இருந்ததாம். அவர் ஒரு பற்றையோரம் இருந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார், பீரங்கிக் குண்டொன்று கிட்ட வந்து விழுந்ததும் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் இருந்தார் என்று அவரை அறிந்த ஜோன் ஓப்ரி எழுதியிருக்கிறார். அந்த இரு சிறுவர்களில் மூத்தவர்தான் பின்னாளில் இரண்டாம் சார்ல்ஸ். மருத்துவ உலகின் மிகப் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவரின் மடியருகே இருந்த பிள்ளைக்குத்தான் 43 வருடம் கழித்து அவுன்ஸ் கணக்கில் இரத்தம் எடுத்தார்கள்.

ஏன் இப்படி? அறியாமை ஒரு காரணம். என்னைக் கேட்டால் பயம் அதைவிடப் பெரிய காரணம். மன்னர் இறந்தால் வைத்தியரிடம் கேள்வி வரும். நஞ்சு வைத்தாய் என்பார்கள். ஒன்றும் செய்யாமல் நின்றாய் என்பார்கள். ஆகவே எல்லோரும் எல்லாவற்றையும் செய்தார்கள்.

பயப்படுவதற்குக் காரணமும் இருந்தது. ரொட்ரிகோ லோப்பெஸ் என்பவர் போர்த்துக்கலில் பிறந்த யூத வம்சத்தவர். அங்கு மத விசாரணை என்ற பெயரில் நடந்த கொடுமைகளுக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்தார். லண்டன் சென் பார்த்தலோமியு வைத்தியசாலையில் வேலை செய்து, நல்ல பெயர் எடுத்து, 1580களில் முதலாம் எலிசபெத் மகாராணியின் தலைமை வைத்தியரானார். அரசவையில் செல்வாக்கு மிக்க எசெக்ஸ் பிரபுவுக்கும் அவருக்கும் ஆகாது. மகாராணிக்கு நஞ்சூட்டத் திட்டமிட்டார் என்று எசெக்ஸ் குற்றம் சாட்ட, 1594 ஜூன் 7ஆம் திகதி டைபேர்ன் என்ற இடத்தில் அவரைத் தூக்கிலிட்டு உடலைத் துண்டாக வெட்டினார்கள். ஸ்பெயின் நாட்டு ஆட்களோடு அவருக்குத் தொடர்பு இருந்தது உண்மை. மகாராணியைக் கொல்ல நினைத்தார் என்பதை இன்று வரலாற்றாசிரியர்களில் பலர் நம்புவதில்லை. மகாராணியே மரண ஆணையை உடனே நிறைவேற்ற விடாமல் இழுத்தடித்தார். பின்னர் அவருடைய விதவைக்குச் சொத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார். நானும் ஒரு நாட்டை விட்டு ஓடி வந்து, இங்கே பரீட்சைகளைத் திரும்ப எழுதி வைத்தியனானவன். இந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம் கழுத்து கொஞ்சம் கூசும். எத்தனை வருடச் சேவை என்றாலும் சந்தேகம் எழுந்த அன்று அவர் மறுபடியும் வெளிநாட்டுக்காரர்தான்.

பயப்படாத வைத்தியர் ஒருவரும் இருந்தார். ஜோன் ராட்கிளிஃப். ஆன் இளவரசிக்கு வருத்தம் என்று ஆள் அனுப்பியபோது, அவருக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிராந்தி என்று சொல்லிவிட்டார், வேலை போயிற்று. 1699இல் மூன்றாம் வில்லியம் மன்னர் வீங்கிய கால்களைக் காட்டினார். உங்கள் மூன்று இராச்சியங்களையும் தந்தாலும் இந்த இரண்டு கால்களும் எனக்கு வேண்டாம் என்று இவர் சொன்னாராம். அந்த வாசலும் அடைபட்டது. ஆனால் வீக்கம் கெட்ட சகுனம் என்பதில் அவர் பிழைவிடவில்லை. 1702இல் மன்னர் இறந்தார். நோயாளியிடம் இப்படியா பேசுவது என்று இன்று நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். உண்மை சொல்வது வேறு, குத்திப் பேசுவது வேறு. இருந்தாலும் அரண்மனைக்குள் உண்மையை உரத்துச் சொன்ன ஒருவர் என்ற வகையில் எனக்கு அவர் மேல் ஒரு பிரியம் உண்டு. அவர் விட்டுச் சென்ற பணத்தில்தான் ஒக்ஸ்போர்ட்டில் ராட்கிளிஃப் வைத்தியசாலை எழுந்தது.

மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மனநோய் பலருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1788இல் அவர் நிலைகுலைந்து ஓயாமல் பேசத் தொடங்கியபோது, ரிச்சர்ட் வாரன் என்ற பெரிய வைத்தியரைப் பார்க்க மறுத்துவிட்டார். வாரன் அடுத்த அறையில் நின்று மன்னரின் குரலைக் கேட்டு நோயைக் கணிக்க வேண்டியதாயிற்று. பிறகு பிரான்சிஸ் வில்லிஸ் என்ற பாதிரியார்-வைத்தியர் வந்து கைகளைக் கட்டும் சட்டை போட்டு, நாற்காலியில் பிணைத்து வைத்தார். மன்னருக்கு இருந்தது போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் என்று 1960களில் சொல்லப்பட்டது. இன்று பலர் அதை ஏற்பதில்லை, பைபோலர் எனப்படும் மனநோய் என்றே கருதுகிறார்கள். 2005இல் அவருடைய தலைமயிரைப் பரிசோதித்தபோது அளவுக்கு மிஞ்சிய ஆர்செனிக் நஞ்சு இருந்தது. வாந்திக்குக் கொடுத்த மருந்திலேயே அது கலந்திருந்திருக்கலாம்.

மகப்பேற்று அறையில்

எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் கதை இந்த மன்னரின் பேர்த்தி ஷார்லொட் இளவரசியுடையது. மன்னருக்கு நிறையப் பிள்ளைகள். ஆனால் முறைப்படி பிறந்த ஒரே பேரப்பிள்ளை ஷார்லொட். 1817 நவம்பர் 3ஆம் திகதி பிரசவ வலி தொடங்கியது. வயது 21. பொறுப்பாக இருந்தவர் சேர் ரிச்சர்ட் குரொஃப்ட். கர்ப்பகாலம் முழுவதும் அவர் இளவரசிக்கு உணவைக் குறைத்து, இரத்தமும் எடுத்திருந்தார். வலி 50 மணித்தியாலம் நீடித்தது. குழந்தை பெரியது, 9 இறாத்தல். ஆயுதம் போட்டு எடுக்கும் வசதி அந்த வீட்டிலேயே தயாராக இருந்தது. பயன்படுத்தவில்லை. இயற்கையின் போக்கில் விடுவதுதான் அந்நாளின் நாகரிகமான வைத்திய முறை. அரியணைக்குரிய பெண்ணின் உடலில் முதலில் கை வைத்தவர் என்ற பெயரும் யாருக்கு வேண்டும்? 5ஆம் திகதி இரவு ஆண் குழந்தை இறந்து பிறந்தது. சில மணித்தியாலங்களில் தாயும் போய்விட்டாள்.

இளவரசியோ, அவருடைய கணவரோ குரொஃப்டைக் குறை சொல்லவில்லை. நாடு சொன்னது. மூன்று மாதம் கழித்து, இன்னொரு பெண்ணின் கடினமான பிரசவத்துக்குப் போயிருந்த வீட்டில், குரொஃப்ட் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். தாய், சேய், வைத்தியர் என மூன்று உயிர்கள். இனி வாரிசு வேண்டுமே என்று மூன்றாம் ஜோர்ஜின் நடுவயது மகன்மார் அவசர அவசரமாகக் கலியாணம் கட்டினார்கள். அப்படிப் பிறந்தவர்தான் 1819இல் விக்டோரியா.

விக்டோரியாவுக்குப் பிரசவம் என்றாலே வெறுப்பு. அப்படியும் ஒன்பது பிள்ளைகள். எட்டாவது பிள்ளையின் பிரசவத்துக்கு, 1853 ஏப்ரல் 7ஆம் திகதி, ஜோன் ஸ்னோ என்ற வைத்தியரை அழைத்தார்கள். யோர்க் நகரத்து ஏழைத் தொழிலாளியின் மகன். ஒரு கைக்குட்டையில் குளோரோபோமைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 53 நிமிடம் மகாராணியை முகர வைத்தார். முழு மயக்கமல்ல, வலி மட்டும் மந்தமாகும் அளவு. ஆபத்தான வேலை என்று லான்செற் சஞ்சிகை கண்டித்தது. மகாராணிக்கோ மிகுந்த திருப்தி. 1857இல் கடைசிப் பிள்ளைக்கும் அவரையே அழைத்தார். மகாராணியே எடுத்துக்கொண்டார் என்றதும் பிரசவ வலிக்கு மருந்து கேட்பது பாவமில்லை என்று மற்றப் பெண்களுக்கும் தைரியம் வந்தது. அரண்மனையில் நடந்த வைத்தியம் ஊருக்கு நன்மை செய்த அபூர்வமான சந்தர்ப்பம் இது. இதே ஸ்னோதான் அடுத்த வருடம் லண்டன் சோஹோவில் வாந்திபேதி ஒரு தண்ணீர்ப் பம்பிலிருந்து பரவுகிறது என்று காட்டியவர்.

வெட்கம்

விக்டோரியாவின் காலத்துக் கதைகள் இரண்டை நமது தாய்மார் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

முதலாவது 1839இல் நடந்தது. மகாராணியின் தாயாரிடம் தோழியாக இருந்தவர் லேடி ஃபுளோரா ஹேஸ்டிங்ஸ், கலியாணம் ஆகாதவர். அவருடைய வயிறு வீங்கத் தொடங்கியது. அரச வைத்தியர் சேர் ஜேம்ஸ் கிளார்க் உடுப்புக்கு மேலாகத் தொட்டுப் பார்த்தார். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். அரண்மனை முழுவதும் குசுகுசுப்பு. தன் பெயரைக் காப்பாற்ற அந்தப் பெண் முழுப் பரிசோதனைக்கும் உடன்பட வேண்டி வந்தது. கன்னி என்று இரண்டு வைத்தியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அப்போதும் உண்மையான நோய் என்னவென்று ஒருவரும் பிடிக்கவில்லை. ஜூலை 5ஆம் திகதி அவர் இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது ஈரல் பெருத்துப்போய் இருந்தது. கிளார்க்கின் உத்தியோகத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

இரண்டாவது கதை மகாராணியுடையதே. சேர் ஜேம்ஸ் ரீட் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் 1881 முதல் 20 வருடம் அவருக்கு வைத்தியம் பார்த்தார். ஒரு நாளைக்குப் பல தடவை கூப்பிட்டுப் பேசுவார். தூக்கம், சமிபாடு, வேலைக்காரரின் சண்டை என்று எல்லாவற்றையும் சொல்லுவார். ஆனால் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்க ஒரு நாளும் விடவில்லை. மகாராணி படுக்கையில் படுத்திருப்பதை ரீட் பார்த்ததே அவருடைய கடைசி நாட்களில்தான். 1901 ஜனவரி 22ஆம் திகதி மகாராணி இறந்த பிறகுதான் அவருடைய உடலைப் பார்க்கும் சந்தர்ப்பம் ரீட்டுக்குக் கிடைத்தது. கர்ப்பப்பை இறங்கியிருந்தது. வயிற்றுச் சுவரில் ஹேர்னியா. உலகத்தின் நாலில் ஒரு பங்கை ஆண்ட பெண் இந்த வேதனையை வாய் திறந்து சொல்லாமலே கொண்டு திரிந்திருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எனது கிளினிக்கில் மாதம் ஒரு விக்டோரியாவையாவது நான் பார்க்கிறேன். நாலைந்து பிள்ளை பெற்ற தாய், வயது எழுபது. இடுப்பு நோ என்று வருவார். மகன் மொழிபெயர்ப்பார். மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தாதியை அருகில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டால், "கீழ ஏதோ இறங்கின மாதிரிக் கிடக்கு ஐயா, ஊரில இருக்கேக்கையே துவங்கினது" என்பார். சிலர் இருமினால் சலம் போகிறது என்று கோயிலுக்குப் போவதையே நிறுத்தியிருப்பார்கள். இதற்கு வைத்தியம் உண்டு. இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி, உள்ளே வைக்கும் வளையம், தேவையானால் சத்திரசிகிச்சை. பெண் வைத்தியரைக் கேட்கலாம். பரிசோதனையின்போது இன்னொரு பெண் அருகில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். மொழிபெயர்ப்பாளரும் இலவசமாகக் கிடைப்பார். மகனோ மருமகளோ தேவையில்லை. 25 முதல் 64 வயது வரையான பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குக் கடிதம் வரும். அதைக் குப்பையில் போட வேண்டாம்.

சொல்லாத சொல்

விக்டோரியாவின் மகன் ஏழாம் எட்வேர்ட்டின் கதை நல்லபடியாக முடிந்தது. 1902 ஜூன் 26ஆம் திகதி முடிசூட்டு விழா. உலகமெங்குமிருந்து விருந்தினர் வந்துவிட்டார்கள். மன்னருக்கு அப்பெண்டிக்ஸ் புண்ணாகிச் சீழ் கட்டிவிட்டது. எப்படியும் விழாவுக்குப் போவேன் என்று அவர் அடம் பிடித்தார். போனால் பிணமாகத்தான் போவீர்கள் என்று சேர் ஃபிரெடெரிக் ட்ரீவ்ஸ் சொல்லிவிட்டார். 24ஆம் திகதி பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே வயிற்றைத் திறந்து சீழை வெளியேற்றினார். ஓகஸ்ட் 9ஆம் திகதி மன்னர் முடிசூடினார். ட்ரீவ்ஸுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய சொந்த மகள் இதே நோயால் இறந்திருந்தாள்.

அடுத்தவர் ஐந்தாம் ஜோர்ஜ். 1936 ஜனவரி 20ஆம் திகதி இரவு சான்ட்ரிங்ஹாமில் மரணப் படுக்கையில் நினைவின்றிக் கிடந்தார். இரவு 11 மணியளவில் அவருடைய வைத்தியர் டோசன் பிரபு தமது கையாலேயே மோர்ஃபினும் கொக்கெய்னும் கழுத்து நாளத்தில் ஏற்றினார். நள்ளிரவுக்குச் சற்று முன் மன்னர் இறந்தார். 50 வருடம் கழித்து, 1986இல், டோசனின் குறிப்புகள் வெளியானபோதுதான் உலகத்துக்கு இது தெரிந்தது. மரணச் செய்தி தரம் குறைந்த மாலைப் பத்திரிகைகளில் வராமல் காலை டைம்ஸ் பத்திரிகையில் முதலில் வர வேண்டும் என்பதும் காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். பத்திரிகையை எச்சரித்து வைக்கும்படி லண்டனிலிருந்த தமது மனைவிக்கு டெலிபோனும் எடுத்தார். வேதனை குறைக்க மருந்து கொடுப்பதை நாங்களும் செய்கிறோம். அது நல்ல வைத்தியம். பத்திரிகை அச்சேறும் நேரத்துக்கு மரணத்தைப் பொருத்துவது வைத்தியமே அல்ல. அருகில் நின்ற தாதிக்கு அது பிடிக்கவில்லை என்பதும் குறிப்பில் இருக்கிறது. அந்தத் தாதியை நான் மதிக்கிறேன்.

ஆறாம் ஜோர்ஜிடம் வருகிறேன். சிகரெட் விடாமல் குடிப்பவர். 1949இலேயே கால் இரத்தக் குழாய்கள் அடைபட்டு ஒரு சத்திரசிகிச்சை நடந்திருந்தது. 1951 செப்டெம்பர் 23ஆம் திகதி, அரண்மனை அறையொன்றைச் சத்திரசிகிச்சைக் கூடமாக மாற்றி, கிளெமென்ட் பிரைஸ் தோமஸ் அவருடைய இடது நுரையீரலை முழுவதாக அகற்றினார். புற்றுநோய். ஆனால் வெளியான அறிக்கையில் நுரையீரலில் அமைப்பு மாற்றங்கள் என்றுதான் இருந்தது. பொதுமக்களுக்கு மட்டுமல்ல, மன்னருக்கும் அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. சுவாசக் குழாயில் அடைப்பு என்றார்கள். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டோலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் அதற்கு முந்திய வருடம்தான் லண்டனில் வெளியிட்டிருந்தார்கள். 1952 பெப்ரவரி 6ஆம் திகதி தூக்கத்திலேயே இதயக் குழாய் அடைத்து மன்னர் இறந்தார். வயது 56. மகள் எலிசபெத் அப்போது கென்யாவில். தகப்பனுக்கு அவகாசம் குறைவு என்பது மன்னருக்குத் தெரிந்திருந்தால் அந்த நாலரை மாதத்தில் மகளோடு என்ன பேசியிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

ஏனென்றால் இந்த 'அமைப்பு மாற்றங்கள்' நமது வீடுகளில் இன்றும் நடக்கின்றன. ஆஸ்பத்திரிக் கடிதம் வந்ததும் பிள்ளைகள் முதலில் எனக்கு டெலிபோன் எடுப்பார்கள். "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர், அவ தாங்கமாட்டா." அன்பினால்தான் சொல்கிறார்கள், எனக்கு விளங்குகிறது. என் தாயாருக்கு வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது அம்மாவின் நோய், அம்மாவின் உடம்பு. விபரமும் அவருக்கே உரியது. ஆகவே நான் பிள்ளைகளிடம் பொய் சொல்லச் சம்மதிப்பதில்லை. அம்மாவின் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்வதுமில்லை. "உங்கட பரிசோதனை முடிவு வந்திருக்கு. எவ்வளவு தெரிஞ்சுகொள்ள விருப்பம்? ஆர் பக்கத்தில இருக்க வேணும்?" என்று அவரையே கேட்பேன். எல்லாவற்றையும் மூத்த மகனிடம் சொல்லுங்கோ, எனக்கு வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அதுவும் அவருடைய உரிமை.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் என் கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும் ஐயா. பிள்ளையள் பாவம், எனக்குத் தெரியாது எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கினம். நான் சொன்னா உடைஞ்சு போவினம்." ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் இரகசியம். அன்று மாலை பிள்ளைகளையும் கூப்பிட்டு ஒன்றாக இருத்தினோம். அவர் பிறகு ஒன்பது மாதம் இருந்தார். ஊரில் இருந்த தங்கச்சியை விசா எடுத்துக் கூப்பிட்டார்கள். காணி உறுதிகளைப் பிரித்து எழுதினார். கடைசி மகளுக்குப் பலகாரம் சுடக் காட்டிக் கொடுத்தார்.

அரண்மனையும் மாறியிருக்கிறது. 2022 செப்டெம்பர் 8ஆம் திகதி பால்மோரலில் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் 96 வயதில் மறைந்தபோது மரணச் சான்றிதழில் இருந்த காரணம் முதுமை, அவ்வளவுதான். 2024 ஜனவரியில் சார்ல்ஸ் மன்னருக்குப் புரொஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்குச் சிகிச்சை என்று அரண்மனையே அறிவித்தது. புற்றல்லாத வீக்கம் அது. அடுத்த நாட்களில் தேசிய சுகாதார சேவையின் இணையத்தில் அதைப் பற்றி வாசித்தவர்களின் தொகை பல மடங்கு கூடியது. பெப்ரவரி 5ஆம் திகதி, அந்தச் சிகிச்சையின்போது வேறொரு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டதாகவும் அறிவித்தார்கள். எந்த உறுப்பு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பேரனார் ஆறாம் ஜோர்ஜின் காதுக்குக்கூடப் போகாத அந்தச் சொல்லை, பேரன் 72 வருடம் கழித்து உலகத்துக்கே சொன்னார்.

பொங்கல் விழா ஐயாவிடம் இதையெல்லாம் நான் அன்று சொல்லவில்லை, வடை ஆறிவிடும். ஒன்று மட்டும் கேட்டேன். "இரவில எத்தனை தரம் எழும்புறியள்?" அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாலைஞ்சு தரம். அது வயசுக்கு வாறதுதானே தம்பி. முழங்கால்தான் எனக்குப் பிரச்சினை." எத்தனை வருடமாக என்று கேட்டேன். மூன்று வருடம். அவருடைய ஜி.பி.யிடம் சொன்னாரா? இல்லை. மனைவியிடம்? அவவுக்கு எதற்கு? அடுத்த கிழமையே போய் இரத்தமும் சலமும் சோதிக்கக் கொடுத்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன்; பெயரைப் போடாமல் எழுதச் சொன்னார்.